மஞ்சள் ஒன்பது

தை 15, திங்கள்

பூபதி இன்று கேட் வரைக்கும் வந்தார். நான் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தத்தை வைத்தே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கீரை வெளியிலேயே கிடந்தது. பக்கத்து வீட்டு ஆடு பாதியைத் தின்றுவிட்டது. அந்தப் பாவமும் அவருக்கே சேரட்டும்.

அவரிடம் நான் பேசி ஒன்பது வருடம், இரண்டு மாதம், இருபத்தொரு நாள் ஆகிறது. என் மகளைக் கட்டியவர். என் மகனைக் கொன்றவர்.

கேட்டில் ஒரு சாக்கு மூட்டையை வைத்துவிட்டுப் போயிருந்தார். அவிழ்த்தால், எங்கள் ஒர்க்‌ஷாப்பின் பழைய பிளக் நோட்டுகள். எண்ணினேன். பத்து இருந்தன. ஆனால் மொத்தம் பதினொன்று.

பதினொன்றாவது எங்கே?

பத்தாவது நோட்டின் கடைசியில் நிறையத் தாள் காலியாக இருக்கிறது. அதில்தான் இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுதுகிற பழக்கம் வந்ததே இந்த நோட்டுகளால்தான். அது ஒன்றும் அவர் போட்ட பிச்சை இல்லை.

தை 16, செவ்வாய்

சுகந்தி போன் செய்தாள். முழங்கால் எப்படி இருக்கிறது, மிளகாய் காய வைத்தாயா என்று என்னென்னவோ கேட்டாள். பெற்றவளுக்குத் தெரியாதா? "வந்த சோலியச் சொல்லு" என்றேன்.

"அந்தக் காரு ரெடியாயிருச்சும்மா."

எந்தக் கார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"மாசி பதிமூணு ஞாயித்துக்கெழமை ரேஸு. மிது ஓட்டறா."

போனை வைத்துவிட்டேன். பிறகு பொறுக்காமல் நானே கூப்பிட்டேன். "என்ற தினா செத்த கார்ல என்ற பேத்திய உக்கார வெக்கறதுக்கு அந்த மனுசனுக்கு எத்தன நெஞ்சழுத்தம் இருக்கோணும்?"

"அவரு வேண்டாம்னுதான் சொல்றாரு. இவ கேக்க மாட்டீங்கறா. எங்க மாமன் ஓட்டுன காரு, நாந்தான் ஓட்டுவேன்னு நிக்கறா. உன்ற பேத்திதான? அந்தப் புடிவாதம் வேற எங்கிருந்து வரும்?"

"அப்பறம் எதுக்கு நோட்டெல்லாம் எனக்கு?"

"என்ஜின் பூராத்தையும் சேத்துட்டாரும்மா. பிளக்குன்னு வந்தா மட்டும் கை நடுங்குது. அத்தை பாத்து இன்னதுன்னு சொன்னாத்தான் மாட்டுவேங்கறாரு."

நடுங்கட்டும்.

தை 19, வெள்ளி

நோட்டுகளைத் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கரப்பான் இருக்கிறதா என்று பார்க்கத் திறந்தேன்.

என் வீட்டுக்காரர் உயிரோடிருந்தபோது போத்தனூரில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பந்தயக் கார்கள் வரும். ட்ராக்கில் முழு வேகத்தில் ஓட்டி, ஓடும்போதே என்ஜினை அணைத்து, உருட்டிக்கொண்டே வந்து நிறுத்தச் சொல்வார். பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடிப்பார். அதன் மூக்கிலிருக்கும் பீங்கான் என்ன நிறம் என்று பார்த்தால் என்ஜினுக்குள் நடப்பது தெரிந்துவிடும். மெதுவாக ஓட்டி வந்து நிறுத்தினால் நிறம் மாறிவிடும், பிளக்கு பொய் சொல்லும் என்பார். அவர் கையெல்லாம் கிரீஸ். அதனால் நான் எழுதினேன். தேதி, வண்டி, பிளக், நிறம் என்று நான்கு கட்டம்.

நிறத்துக்கு அவர் இங்கிலீஷில் ஏதோ சொல்வார். நான் எனக்குத் தெரிந்தபடி எழுதுவேன். கரிச்சட்டி என்றால் பிளக் போதுமான அளவு சூடாகவில்லை. சுண்ணாம்பு என்றால் அளவுக்கு மிஞ்சிக் கொதிக்கிறது, உடனே நிறுத்து, பிஸ்டன் ஓட்டையாகும். வறுத்த மல்லி நிறம் வந்தால் எல்லாம் சரி. நாலைந்து வருடம் போனபின் அவரே பிளக்கை என்னிடம் நீட்டி, "என்ன புள்ள, மல்லி வறுபட்டுச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். அவருடைய தங்கச்சிக்கு அது பிடிக்காது. "பிளக்கப் பாக்கற கண்ணு புருசனோட சட்டையப் பாக்கறதில்ல" என்று ஒரு கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். பந்தியில் அப்போதுதான் ரசம் ஊற்றினார்கள். அவள் வீட்டு விசேஷத்துக்கு அதற்குப் பிறகு நான் போகவில்லை.

பிளக் கம்பெனியின் பெயரெல்லாம் இங்கிலீஷ். எனக்கு எண் மட்டும்தான் படிக்க வரும். அதனால் எனக்கு மஞ்சள் பெட்டி, நீலப் பெட்டி. மஞ்சளில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக். நீலத்தில் அப்படியே தலைகீழ், எண் ஏற ஏறச் சூடான பிளக். நிமிஷத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று சுற்றுகிற என்ஜினுக்குக் குளிர்ந்த பிளக் வேண்டும், சூட்டை வாங்கி வெளியே தள்ளுவது. மஞ்சள் ஒன்பது அதற்கானது. நீல ஒன்பது ஊருக்குள் ஓடும் டாக்ஸிக்கு ஆகும். ஆனால் இரண்டுக்கும் மரை ஒன்று, நீளம் ஒன்று. மாற்றி மாட்டினாலும் சமத்தாக உட்கார்ந்துகொள்ளும்.

பூபதி மாற்றி மாட்டினார். எட்டாவது சுற்றில் பிஸ்டன் உருகி என்ஜின் இறுகி, பின்சக்கரம் இரண்டும் அப்படியே நின்று, கார் சுழன்று சுவரில் போய் அடித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரே வாயைத் திறந்து சொன்னார்: "நாந்தாங்க மாட்டுனேன். தப்பான பிளக்கு." என் இரண்டு காதாலும் கேட்டேன்.

தை 22, திங்கள்

எனக்கு மறதி கிடையாது. பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி வாங்கிப் போன தேங்காய்த் துருவியைப் பல் உடைத்துத் திருப்பிக் கொடுத்தது எந்த வருடம் என்று தெரியும். அன்று அவள் கட்டியிருந்த சேலையின் நிறமும் தெரியும்.

அந்த ஞாயிறும் அப்படித்தான். ஐப்பசி 23. தினாவுக்கு முப்பத்தொரு வயது. நான்கு இட்லி வைத்தேன், மூன்றரை தின்றான். மிச்ச அரையைப் பூனைக்குப் போட்டான். நீலச் சட்டை, மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லை. தைத்துத் தருகிறேன் என்றேன், வந்து தைத்துக்கலாம்மா என்றான். ரோட்டில் பூபதி வேனை அணைக்காமலே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். எப்போதும் அவருக்கு அவசரம்தான். அலமாரியிலிருந்து பிளக்கை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மஞ்சள் பெட்டியில் பிளக் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டைக்கூடு உண்டு. அசையாது. அன்று பெட்டி கையில் கடகடவென்று குலுங்கியது.

மாவரைக்க அரிசி ஊற வைக்க வேண்டும்.

தை 24, புதன்

ஷெட்டைக் கூட்டினேன். சுவரில் அந்த ஐப்பசி மழைத்தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது, என் முழங்கால் உயரத்துக்கு. அலமாரியைத் தொடவில்லை.

மாவு புளித்துவிட்டது.

தை 28, ஞாயிறு

பதினொன்றாவது நோட்டில்தான் தினாவின் கடைசி நாள் இருக்கிறது. அதை அவர் ஒளித்துவைத்திருக்கிறார் என்றால் அதில் அவர் குட்டு இருக்கிறது. அதைக் கையோடு வாங்கி வர வேண்டும் என்று பஸ் பிடித்துப் போனேன். நஞ்சுண்டாபுரம் ரோட்டில் பூபதி இப்போது ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் இடத்துக்கு நான் போவது இதுதான் முதல் தடவை. சுகந்தி சோற்றுத் தூக்கோடு அங்கே இருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டாள்.

சிவப்புக் கார். பெயின்ட் புதுசு. ஆனால் வலது பக்கக் கதவுக்குக் கீழே தினா சின்னதாக ஒரு சேவல் வரைந்திருந்தான். அதை மட்டும் அழிக்காமல் சுற்றிப் பெயின்ட் அடித்திருக்கிறார். நான் அதைப் பார்க்காத மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவர் எழுந்து நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் சுகந்தியிடம்தான் பேசினேன்.

"பதினொண்ணாவது நோட்டு எங்கன்னு கேளு."

"எங்கன்னு கேக்கறாங்க."

"கறையான் அரிச்சுப்போச்சுன்னு சொல்லு" என்றார் அவர், தரையைப் பார்த்து.

"பத்த விட்டுட்டு பதினொண்ண மட்டும் தேடித் தின்ன கறையான் எந்த ஊருக் கறையான்னு கேளு."

"ஏம்மா, நானென்ன போன் கம்பியா? ரெண்டு பேருக்கும் வாயில்லையா?" சுகந்தி கத்திவிட்டு அழுதாள். அழுதுகொண்டே எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். நான் சாப்பிடவில்லை. தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

கிளம்பும்போது அவர் சுகந்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நோட்டு வேண்டாம்னு சொல்லு. பிளக்கு எதுன்னு மட்டும் சொல்லச் சொல்லு. மிது உசுரு."

என் மகனுடையது என்ன?

மாசி 1, செவ்வாய்

மிது, என் பேத்தி மிருதுளா, ஸ்கூட்டரில் வந்தாள். இருபத்திரண்டு வயது, முடியை ஆம்பிளைப் பிள்ளை போல வெட்டியிருக்கிறாள். அரிசி முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பாதியைக் காலி செய்தாள்.

"அம்முச்சி, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. நீ சொல்லலீன்னா அப்பா மாட்ட மாட்டாரு. அவரு மாட்டலீன்னா நான் கடைக்காரன் குடுக்கறத மாட்டிட்டு ஓட்டுவேன்."

"கடைக்காரனுக்கு அந்த என்ஜினப் பத்தி என்னடீ தெரியும்? அது கார்புரேட்டர உங்க தாத்தன் அரத்தால ராவி வெச்சது. பொஸ்தகத்துல இருக்கற நம்பரு அதுக்கு ஆகாது."

"அதத்தான் நானும் சொல்றேன். ஆகாதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீ. பொட்டாட்ட வாயத் தொறக்காம ஊட்ல உக்காந்துட்டிருக்க."

"ஓட்டாத. முடிஞ்சுது."

"ஓட்டுவேன் அம்முச்சி." முறுக்குத் துணுக்கைத் தட்டிவிட்டு எழுந்தாள். "எனக்குப் பன்னண்டு வயசு அப்போ. மாமன் என்னைய மடியில வெச்சு ஒர்க்‌ஷாப்பச் சுத்தி ஓட்டுன காரு. எங்க ஊட்ல ஒம்போது வருசமா யாரும் அந்தப் பேரச் சொல்றதில்ல. உனக்குப் பயந்து. அவனச் செத்த கார்லயே உட்டுட்டு வர எனக்கு இஷ்டமில்ல."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் நடை அப்படியே அவன் நடை, இடது கால் கொஞ்சம் முன்னே விழும்.

மாசி 4, வெள்ளி

சாயந்திரம் மிருதுளா மறுபடி வந்தாள். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய நோட்டு. கூடவே ஒரு சின்னத் தகர டப்பா.

"அப்பா கார் சீட்டுக்கடியில வெச்சிருந்தாரு. இன்னைக்கு சீட்ட நகத்தும்போது பாத்தேன்."

"நீ படிச்சியா?"

"காப்பி போட்டுத் தரட்டுமா அம்முச்சி?"

இந்தப் பெண் ஜென்மத்தில் ஒரு நாளும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

மாசி 5, சனி

அவரைக்காய் பொரியல். ரசம்.

மாசி 6, ஞாயிறு

பதினொன்றாவது நோட்டில் எழுதியிருப்பதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

*ஐப்பசி 5, புதன். ஷெட்டில் தண்ணி. கீழ்த்தட்டு பூராவும் நனைஞ்சது. நீலப் பெட்டி ஊறிப் பிஞ்சு போச்சு. நீலம் 9 நாலு பிளக்கும் துடைச்சு மேல்தட்டில் காலியாய் இருந்த மஞ்சப் பெட்டியில் போட்டேன். புதுப் பெட்டி கிடைச்சா மாத்தணும்.*

*ஐப்பசி 23, ஞாயிறு. வண்டி தினா. பிளக் மஞ்சள் 9, நாலு. நிறம்* 

நிறம் என்பதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. சாயந்திரம் அவர்கள் வந்ததும் எழுதலாம் என்று விட்டிருப்பேன்.

கையெழுத்து என்னுடையதுதான். ழ-வுக்கு வால் வைக்க எனக்கு வராது.

மாசி 8, செவ்வாய்

காலை எட்டு மணி பஸ். சுகந்தி அங்கே இல்லை. மிருதுளா காலேஜுக்குப் போயிருந்தாள். ஒர்க்‌ஷாப்பில் பூபதி மட்டும் காரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், நடுவில் நின்று சொல்லச் சுகந்தி இல்லையே என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

நோட்டை ஸ்டூலின் மேல் வைத்தேன்.

"ஏனுங்க மாப்பிள்ள" என்றேன். "இத எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?"

அவர் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"காரு அடிபட்ட மறுநா பிளக்கக் கழட்டிப் பாத்தேனுங்க. பேரப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. ஒங்க ஊட்டு அலமாரியில போயிப் பாத்தேன். நோட்டு அங்கதான் இருந்துது. அந்தப் பக்கத்தப் படிச்சுட்டு, இருந்த நோட்டு பூராத்தையும் எடுத்துட்டு வந்துட்டேன்."

"ஆஸ்பத்திரியில நீங்க மாட்டுனதாச் சொன்னீங்க."

"அன்னைக்கு எனக்கு எதுவும் தெரியாதுங்க. என்ஜின் இறுகுன மாதிரியப் பாத்துட்டுச் சொன்னேன். நீங்க செவுத்துல மண்டைய மோதிக்கிட்டு, எவன்டா பிளக்க மாட்டுனவன்னு கேட்டீங்க. மாட்டுனது நாந்தானுங்களே? பொய்யில்ல." துணியைக் கீழே வைத்தார். "எடுத்துக் குடுத்தது யாருன்னு நீங்க கேக்கல அத்த. மறுநா எனக்குத் தெரிஞ்சப்பறம், கேட்டுறாதீங்கன்னு சாமியக் கும்பிட்டுட்டிருந்தேன்."

வெளியே லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ரிவர்ஸ் பாட்டு நின்றதும் ஸ்டூலிலிருந்த நோட்டைக் கையில் எடுத்தேன்.

"ஒம்போது வருசம் உங்களச் சபிச்சேன்" என்றேன். "உங்க ஊட்டுப் பச்சத்தண்ணி குடிக்கல. மிது வயசுக்கு வந்த சீருக்கு வரல. சுகந்திகிட்ட உங்கள விட்டுட்டு வந்துருன்னு ரெண்டு தடவ சொன்னேன். மூணு தடவ."

"தெரியுமுங்க. மூணு தடவ."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொல்லியிருந்தா நீங்க இருந்திருப்பீங்களா?" என்றார். என்னை நேராகப் பார்த்தார். "அதுமில்லாம எம்மேல தப்பில்லீன்னு யாரு சொன்னா? பெட்டியில இருந்து எடுத்தா பீங்கான் மேல கம்பெனிப் பேரு எழுதியிருக்குது. உங்களுக்கு இங்கிலீஷு தெரியாது. நான் டிப்ளமா படிச்சவன். நாலு பிளக்கு, நாலு தடவ என்ற கையில வந்துது. பெட்டியோட நெறத்தப் பாத்துட்டுப் படிக்காம மாட்டுனேன். அவசரம்."

அப்புறம் மெதுவாகக் கேட்டார். "அத்த, உங்களுக்கு நெசமாலுமே நெனவில்லீங்களா?"

"எனக்கு மறதி கெடையாதுங்க மாப்பிள்ள" என்றேன்.

அவர் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். குடித்தேன்.

மாசி 11, வெள்ளி

இன்று ட்ராக்கில் பழக விட்டார்கள். பூபதியும் சுகந்தியும் வேனில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார்கள். அவர் ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி வந்து கேட்டைத் திறந்தார்.

கடையிலிருந்து புதுப் பெட்டிகள் மூன்று, மஞ்சள் எட்டு, ஒன்பது, பத்து. சுவர் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தேன். எந்த இடம் என்று யாரும் காட்டவில்லை. எனக்குத் தெரியும்.

முதலில் எட்டு. மிருதுளா நான்கு சுற்று போனாள். நேர்ச்சாலையில் ஒன்பதாயிரத்துக்கு முறுக்கும் சத்தம் நான் உட்கார்ந்த இடம் வரைக்கும் கேட்டது. பாதியில் சத்தம் நின்றது. என் உயிரும் நின்றது. பிறகு கார் உருண்டு வந்து என் முன்னால் நின்றது. என்ஜினை அணைத்து உருட்டி வரச் சொன்னதே நான்தான்.

பிளக்கைப் பிடித்துப் பார்த்தேன். வெயில் போதவில்லை, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஓரம் வெளுத்திருந்தது. "வேண்டாம்" என்றேன்.

பத்து மாட்டினார்கள். கிளம்பும் வரிசையில் நின்று உறுமும்போதே விக்கியது. கழற்றினால் கரிச்சட்டி.

கடைசியாக ஒன்பது. ஆறு சுற்று. மிருதுளா வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, "எப்பிடி அம்முச்சி?" என்றாள். நான்கையும் உள்ளங்கையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நான்கும் ஒரே நிறம், இரும்புச் சட்டியில் பதமாக வறுத்து, வாசனை வந்ததும் இறக்கிய மல்லி.

மஞ்சள் ஒன்பது.

அன்று காலை தினா இட்லித் தட்டோடு நின்று கேட்டது அதைத்தான். "அம்மா, மஞ்ச ஒம்போது நாலு எடு." அவன் கேட்டது சரியான பிளக்.

பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுகந்தி தோளைப் பிடித்துக்கொண்டாள். "சரியாத்தான் கேட்டான்டீ" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பூபதிக்குப் புரிந்தது. டயர் அடுக்கிற்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

மாசி 13, ஞாயிறு

பந்தயத்துக்குப் புதுசாக நான்கு. பெட்டியை நான்தான் பிரித்தேன். குலுக்கிப் பார்த்தேன், சத்தம் இல்லை. அப்படியும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து பூபதியின் கையில் கொடுத்தேன்.

"படிங்க" என்றேன்.

பக்கத்துக் கூடாரத்துப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வெட்கப்படவில்லை. பீங்கானைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தார். எண்ணையும் படித்தார். பிறகு மாட்டினார். நான்கு தடவை படித்தார். நான்கு தடவை மாட்டினார். நான்காவதில் கை நடுங்கியது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மரை பிடிக்கும் வரைக்கும் விடவில்லை.

பதினைந்து சுற்று. எட்டாவது சுற்றில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் சுவர்ப் பக்கம் போனது, போனது, திரும்பியது. ஒன்பதாவது என்று யாரோ மைக்கில் சொன்னார்கள்.

மிருதுளா ஏழாவதாக வந்தாள். ஏழாவதுக்குக் கோப்பை கிடையாது. சுகந்தி அவளைக் கட்டிப்பிடித்து அடியடியென்று அடித்தாள்.

"எங்க மாமன் இருந்தா மொதல்ல வந்திருப்பான்ல அம்முச்சி?" என்றாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் அவன் பேச்சு வந்தது.

"எங்க வந்திருப்பான்? மூணாவது திருப்பத்துல அவனுக்கு எப்பவும் பயம். உங்க தாத்தனுக்குக்கூடச் சொன்னதில்ல. எங்கிட்ட மட்டும் சொல்வான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள்.

மாசி 14, திங்கள்

காலையில் வெயில் நன்றாக வந்ததும் முற்றத்தில் பாயைப் போட்டு, அந்தத் தகர டப்பாவைத் திறந்தேன். பத்து நாளாகத் திறக்கவில்லை. காரிலிருந்து கழற்றிய அந்த நான்கு பிளக். ஒன்பது வருடமாக அவர் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்திருக்கிறார். துரு இல்லை.

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மூன்று சுண்ணாம்பு. நான்காவதற்கு மூக்கு இல்லை, உருகிப் போயிருந்தது. இரண்டாவது பட்டன் இல்லாத சட்டை மாதிரி ஒரு வெற்றிடம். விரலால் தொட்டுப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது.

பதினொன்றாவது நோட்டை எடுத்தேன். ஐப்பசி 23 என்று போட்ட வரியில், மஞ்சள் என்பதை அடித்துவிட்டு மேலே நீலம் என்று எழுதினேன். நீலம் 9, நாலு. காலியாகக் கிடந்த கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: நிறம், சுண்ணாம்பு.

கட்டத்துக்கு வெளியே, தாளின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.

எடுத்துக் கொடுத்தது, அம்மா.